மஞ்சள் கூடம்

பத்து நாள் படப்பிடிப்புக்காக வேதவல்லியின் வீட்டை எடுத்த சினிமாக்காரர்கள், வெள்ளைக் கூடத்துக்கு மாம்பழ மஞ்சள் அடித்தார்கள். சன்னலுக்கு நீலம் பூசி, அதன் கீழே பலகை பதித்துப் பூப்போட்ட மெத்தை விரித்தார்கள். மேலே பிரம்புக் கூடை விளக்கு தொங்கியது. பின்கட்டுக்கு ஒதுங்கிய வேதவல்லி, யார் யாரோ ஒரு குடும்பமாய் அங்கே சாப்பிட்டுச் சிரித்து நடிப்பதைக் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டே இருந்தாள். நம் வீடா இது என்று அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

பதினோராம் நாள், பழையபடி வெள்ளையடிக்க பெயிண்டர் வந்தார். அப்படி அடித்துத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதவைத்தவரே அவள் கணவர் சபாபதிதான். கல்யாணமான நாள்முதல் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்க விடாத மனிதர். இந்த மஞ்சளே இருக்கட்டும் என்று கேட்க அவளுக்கு நா எழவில்லை.

பெயிண்டர் ஏணியில் ஏறி பிரஷ்ஷை நனைத்தார். சபாபதி கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"தம்பி, கீழ எறங்குங்க."

"ஏன் சார்? இன்னைக்கே முடிச்சிரலாம்."

"பத்து நாளா அவங்கதான இருந்தாங்க? நாங்களும் கொஞ்ச நாள் இருந்து பாக்குறோம்."

சொல்லிவிட்டுச் சன்னலோர மெத்தையில் போய் உட்கார்ந்தவர், வேதவல்லிக்கும் இடம்விட்டு நகர்ந்துகொண்டார்.