பழைய மெஷின்

ஞானசெல்வத்தின் மகள் பெனிட்டாவுக்கு அவள் அண்ணன் ஜெபினின் எலும்பு மஜ்ஜை முழுதாகப் பொருந்துகிறது என்று போன மாதம்தான் எங்கள் ஆஸ்பத்திரி லேபில் சொல்லியிருந்தோம். பிறகு பொருத்தம் பார்க்கப் புது மெஷின் வந்தது. அது இன்னும் நுணுக்கமாகப் பார்க்கிறது. அதன்படி ஜெபின் பொருந்தவில்லை. உலகக் கொடையாளர் பட்டியலிலும் யாருமே அவளுக்குப் பொருந்தவில்லை. பொருந்தாமல் டாக்டர்கள் ஏற்ற மாட்டார்கள்.

"பழைய மெஷின்லயே இன்னொரு தடவ பாருங்க மேடம்," என்றார் ஞானசெல்வம்.

"அத காயலாங்கடைக்குப் போட்டாச்சுங்க."

மஜ்ஜை கொடுக்க வெறும் வயிற்றோடு வந்திருந்த ஜெபின், "அப்ப நான் சாப்பிடலாமா?" என்று கேட்டான்.

"சாப்பிடுங்க," என்றேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் அந்தப் பழைய மெஷினை நம்பித்தான் எனக்கு என் அக்காவின் மஜ்ஜையை ஏற்றினார்கள். போன வாரம் எங்கள் இருவரின் அப்போதைய ரத்த மாதிரிகளைப் புது மெஷினில் போட்டுப் பார்த்தேன். பொருந்தவில்லை என்று வந்தது.

அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.