நாரத்தை வாசம்

கோத்தகிரி மேட்டில் மழைக்காலம் முழுக்க வெயில் எட்டிப் பார்க்காது. அந்த ஈரத்தில் கஞ்சாச் செடி பூத்த வேகத்தில் பூசணம் பிடித்து அழுகிவிடும். நாரத்தை வாசம் வீசும் இந்தப் புது ரகத்தை மட்டும் பூசணம் தொடவில்லை. மருந்துக் கம்பெனியின் கண்ணாடிக் குடிலில் அதன் பூக்களைக் கிள்ளுவதுதான் தங்கேஸ்வரியின் வேலை. கையில் ஒட்டும் பிசின் எந்தச் சோப்புக்கும் போகாது. வாசம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

முதலில் இட்லி மாவு பொங்காமல் போனது. குளிருக்கு அடுப்போரம் வைத்தும் கரைத்தது கரைத்தபடியே கிடந்தது. பாலும் உறையவில்லை. பக்கத்து வீட்டு லூர்தக்கா ஒருநாள் வந்து உப்புப் போட்டுத் தன் கையால் கரைத்துவிட்டுப் போனாள். காலையில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்தது.

“இனிமே நீ இதுல கை வெக்காத தங்கம். உங் கை பட்டா எதுவும் வளர மாட்டேங்குது” என்று லூர்தக்கா சிரித்தாள்.

தங்கேஸ்வரியும் சிரித்தபடி வயிற்றைத் தடவிக்கொண்டாள். கல்யாணமாகி வெகுநாள் கழித்துத் தங்கிய பிள்ளை. தடவாத நேரமில்லை.

ஐந்தாம் மாத ஸ்கேனில் டாக்டரம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“துடிப்பு நல்லா இருக்கு. ஆனா போன தடவ பாத்த அளவுலயே நிக்குதேம்மா. வயித்துல இருந்து கைய எடுங்க, இன்னொரு வாட்டி பாத்துடறேன்.”

கை எப்போது அங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. எடுத்தாள். எடுத்த கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்தரத்தில் பிடித்தபடி படுத்திருந்தாள். அறை முழுக்க நாரத்தை மணத்தது.