ஈறுமானி சொன்ன செய்தி

அந்த வீட்டில் எல்லாரும் காலையில் பல் துலக்கியதும் ஈறுமானியை வாயில் வைத்தாக வேண்டும். அது ஈறுகளைத் தடவிப் பார்த்து, கண்டதை எல்லாருடைய கைப்பேசிக்கும் அனுப்பிவிடும்.

நறுமுகை உண்டாகியிருப்பதை அதுதான் முதலில் சொன்னது. மூன்று மாதம் முடிந்தபின் சொல்லலாம் என்றிருந்தாள் அவள். 'ஈறுகளில் வீக்கம், ரத்தக்கசிவு. கர்ப்பமாக இருக்கலாம்' என்று செய்தி போனது. அவள் வாய் கொப்புளித்து வருவதற்குள் மாமியார் பரிமளம் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் சொல்லி முடித்திருந்தார்.

போன வாரம் கரு கலைந்துவிட்டது. நாத்தனார் கல்யாணம் முடியட்டும் என்று அவளும் கணவனும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

இன்று கண்ணாடியில் பார்த்தபோது ஈறுகளில் வீக்கம் வடிந்திருந்தது. அன்றைக்கே அத்தையிடம் சொல்லி அழுதிருக்கலாம். தாலிச் சரட்டில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, ஈறில் அங்கங்கே குத்திக்கொண்டு, ஈறுமானியை வாயில் வைத்தாள்.

சமையலறையில் கைப்பேசி ஒலித்தது.

பரிமளம் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரோடு வந்தார்.

"இன்னும் ரத்தம் வருதாமே. இதுல கொப்புளிச்சுக்கோம்மா. எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. பிள்ளை பொறந்ததும் தானா நின்னுரும்."