முதுகுப்பக்கத்துப் பறவைகள்

புலம்பெயர்ந்த தமிழர் வாழும் வோபர்னில், ஒரு தையற்கடையின் நிலைக்கண்ணாடி முன்னால் கானாக்காரி அபேனா புதுச்சட்டையோடு நின்று சிரிக்கிறாள். மஞ்சள் துணியெங்கும், கழுத்தைப் பின்னுக்குத் திருப்பித் தம் முதுகிலிருக்கும் முட்டையை எடுக்கும் கறுப்புப் பறவைகள். விட்டதைத் திரும்பிப்போய் எடுப்பதில் வெட்கமில்லை, அதுதான் எங்கள் பறவையின் பொருள் என்று ஆங்கிலத்தில் சொல்கிறாள். தைத்த பிரதீபாவின் கண் அவளுடைய முதுகிலேயே நிற்கிறது. மேல்கீழ் பார்க்கத் தேவையில்லாத சாறிச் சட்டைத்துணிபோலக் குறுக்கே மடித்து வெட்டியதில், அங்கே பறவைகள் எல்லாம் தலைகீழ். "முதுகுதானே அக்கா, அவவுக்குத் தெரியாது, விடுங்கோ," என்று கூடத் தைக்கும் சஜிதா தமிழில் முணுமுணுக்கிறாள். "எனக்குத் தெரியுதே. துணி மிச்சமிருக்கு, வேறை வெட்டுவன்." பிரதீபா அபேனாவின் தோளைப் பிடித்து, முதுகு கண்ணாடியில் விழும்படி திருப்புகிறாள். "மை மிஸ்டேக். லுக்." அபேனா, அந்தப் பறவையைப் போலவே, கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறாள்.