இருபத்தைந்து மைல் வேகத்தில்

"போதும் பஸ்தியான். ஊசி இருபத்தஞ்சில நிக்குது. இதுக்கு மேல போகாத."

இன்னாசிப்பிள்ளை முன் ஆசனத்தில் காலை அழுத்திக்கொண்டு, மீற்றரை விட்டுக் கண்ணை எடுக்காமல் வந்தார். போன வருஷம் இதே கார் பள்ளத்தில் பாய்ந்து அவருடைய காலை முறித்திருந்தது. இனி இருபத்தைந்து மைலைத் தாண்டுவதில்லை என்று அன்றே தலவிலக் கோயில் அன்னம்மாளுக்கு நேர்ந்துகொண்டார்.

பின்னால், திரைச் சீலைகளுக்குள், மகள் கத்தரினா. சிலாபத்தில் மாப்பிள்ளை வீட்டார் நிச்சயதார்த்தத்துக்கு மத்தியானம் வரச் சொல்லியிருந்தார்கள். அவளோ பள்ளிக்கூட மாஸ்டர் நிக்கொலஸைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "மனம் மாறுற வரைக்கும் உன்ர முகத்தில முழிக்க மாட்டன்" என்று காலையில் சொன்னவர், எத்தாளையில் கார் புறப்பட்டதிலிருந்து ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் அவளைப் பார்த்துவிடக் கூடாதென்று திரைகளை இழுத்துவிட்டவரும் அவர்தான்.

பின்னால் சைக்கிள் மணி கேட்டது.

"அவன்தானே?"

"ஓம் ஐயா. மாஸ்டர்தான்."

"வரட்டும். இருபத்தஞ்சு மைலில ஓடுற காரை மிதிச்சுப் பிடிக்கப் போறானோ?"

சாரதி பஸ்தியான் தயங்கினான். "அந்த ஊசியை நம்பாதீங்க ஐயா. ஆமி லொறியில கழட்டின கியர் பெட்டியைப் பூட்டின நாளில இருந்து அது கூட்டித்தான் காட்டுது."

"உனக்குப் பறக்கவேணும். அதுக்கு ஊசியில பழி போடுறாய்."

யுத்த காலத்தில் வேறு பெட்டி எங்கே கிடைக்கும்? அந்த லொறிப் பெட்டி போட்ட இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே பாதிதான் கேட்டது. நுரைச்சோலை மணலில் கார் முக்கி முனகி ஊர்ந்தது. சைக்கிள் மணி மிகக் கிட்டத்தில் ஒரு தரம் ஒலித்தது. பிறகு கேட்கவேயில்லை.

இன்னாசிப்பிள்ளை மீசைக்குள் சிரித்தார். "களைச்சு விழுந்திட்டான். கேட்டியா மகள்?"

பதில் இல்லை. என்னுடைய வீம்பு அப்படியே வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

பாலாவியை நெருங்கும்போது தேங்காய் ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று அவர்களை முந்திப் போனது. வண்டிக்காரன் மரியாதையாகத் தலைப்பாகையை அவிழ்த்துக் கும்பிட்டான். ஊசி அப்போதும் இருபத்தைந்தில்தான் நின்றது.

"இப்பிடிப் போனா நிச்சயத்துக்கு இல்ல ஐயா, பின்னேரத் தேத்தண்ணிக்குத்தான் போய்ச் சேருவம்" என்றான் பஸ்தியான்.

பாலாவிச் சந்தியில் முத்தலிபுவின் கராஜ். அன்று பெட்டியை மாற்றியவரும் அவரே. காருக்கு அடியில் நுழைந்து பார்த்துவிட்டுத் தலையை நீட்டினார்.

"மீற்றர் கம்பியச் சுத்துற பல்லுச் சில்லும் லொறிடதான் முதலாளி. பத்து மைல் ஓடினா இருபத்தஞ்சு காட்டும். உங்கட பழைய சில்லு இங்க கெடக்கு, மாத்தித் தாறன்."

இன்னாசிப்பிள்ளை காருக்கு முதுகைக் காட்டி வாங்கில் உட்கார்ந்து தேநீர் குடித்தார். பஸ்தியான் இன்னொரு கோப்பையைக் கையில் எடுத்தபோது தடுத்தார். "அவவுக்கு வேணுமெண்டா வாய் திறந்து கேக்கட்டும்."

சில்லை மாற்றி முடித்த முத்தலிபு, தானே காரை ஓட்டிக்கொண்டு சந்தி வரைக்கும் ஒரு சுற்றுப் போய் வந்தார். "இப்ப சரி. ஊசி மெய்யச் சொல்லும்."

முன் ஆசனத்தில் ஏறிய இன்னாசிப்பிள்ளைக்கு மனம் லேசாயிற்று. இனி நேர்த்தியையும் மீறாமல், நேரத்துக்கும் போய்ச் சேரலாம். பிள்ளை காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையே என்று நெஞ்சு இளகியது. தலையைத் திருப்பாமலே, தணிந்த குரலில் பேசினார்.

"அப்பா உன்ர நல்லதுக்குத்தானே செய்யிறன், மகள். இனி அவன்ர சைக்கிள் எங்களுக்குக் கிட்டவும் வராது. ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கிறியா?"

கதவைச் சாத்த வந்த முத்தலிபு பின் ஆசனத்தை எட்டிப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

"ஆரோட பேசுறீங்க முதலாளி? கார் இங்க வரக்குள்ளயே பின்னுக்கு ஒத்தரும் இல்லையே."