கோழிக் குழுவில் ஒரு கலகக்காரன்

“அந்த மெர்வினைக் குழுவை விட்டுத் தூக்கு கிளெனிஸ். இல்லேன்னா நாங்க முப்பது பேரும் கிளம்பிடுவோம்.”

போனில் பெவர்லி கத்தினாள். 

ஆஸ்திரேலியாவில் ஷெப்பர்ட்டன் வட்டாரத்தில் கொல்லையில் கோழி வளர்ப்பவர்களுக்காக கிளெனிஸ் ஆரம்பித்த இணையக் குழு அது. கோழிச்செள், அடை வைப்பது, நரித் தொல்லை என்று ஆறு வருஷம் நிம்மதியாகத்தான் ஓடியது. தேர்தல் தேதி அறிவித்தார்கள். போச்சு. இப்போதெல்லாம் காலையில் போனைத் தொடவே பயமாக இருந்தது.

கலகமெல்லாம் ஒரே ஆளால். மெர்வின், பழைய லாரி டிரைவர். ஒருநாள் ஆளுங்கட்சியைக் கிழிப்பான். மறுநாள் எதிர்க்கட்சியை. இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து அவன் மேல் பாய்வார்கள்.

“நேத்து பாத்தியா? பெட்டைக்குக் கால் வீங்கியிருக்கு, என்ன பண்றதுன்னு ஒருத்தி கேக்குறா. அதுக்குக் கீழ இவன், ‘உங்க தலைவருக்கு மண்டையே வீங்கியிருக்கு, மொதல்ல அதுக்கு மருந்து போடுங்க’ங்கிறான். இது கோழிக் குழுவா, பார்லிமென்ட்டா?”

அந்த ‘ஒருத்தி’ மாசூமா. ஆப்கானிஸ்தானிலிருந்து வந்து பேரிக்காய்த் தோட்டத்தில் வேலை பார்க்கிறவள். போன மாதம்தான் ஆறு கோழி வாங்கிக்கொண்டு குழுவில் சேர்ந்தாள். அவள் கேள்விக்குக் கீழே இருநூறு வசவு.

பெவர்லி சொன்னது நியாயமாகத்தான் பட்டது. கிளெனிஸ் தயங்கித் தயங்கி மெர்வினைக் கூப்பிட்டாள். என்ன கத்து கத்தப் போகிறானோ!

“மெர்வ், உன்னைக் குழுவை விட்டு எடுக்கப் போறேன்.”

“சரி, எடுத்துடு.”

அவ்வளவுதானா?

“ஆமா, நீ காலைல எத்தனை மணிக்கு எந்திரிப்ப கிளெனிஸ்?”

“ஆறரை. ஏன்?”

“இனிமே அஞ்சு மணிக்கே எந்திரிச்சிடு. அதான் நல்லது.”

போனை வைத்துவிட்டான்.

மிரட்டுகிறானா? கிளெனிஸ் பட்டப்பகலில் வாசல் கதவைத் தாழ் போட்டாள். கொல்லைக்குப் போய்க் கோழிகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். பிறகு மெர்வின் பெயரை நீக்கினாள்.

“அப்பாடா, இப்பத்தான் மூச்சு விட முடியுது” என்று பெவர்லி எழுதினாள். அதற்கு நூற்றெண்பது பேர் கைதட்டினார்கள்.

மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் காலை ஆறரைக்குக் கண் விழித்துப் போனைத் திறந்தவளுக்குப் பகீரென்றது.

தோட்டத்துக்குக் கிளம்பும் முன் ஐந்து மணிக்கு மாசூமா ஒரு படம் போட்டிருந்தாள். தலையில் முக்காடு, இடுப்பில் கோழி, முகமெல்லாம் சிரிப்பு. ‘கால் சரியாயிடுச்சு. எல்லாருக்கும் நன்றி.’

கீழே அறுபது பதில்கள்.

‘எங்க ஊர்க் கோழியத் தூக்கிக்கிட்டு போஸ் வேறயா?’

‘வந்த படகுலயே திரும்பிப் போ. கோழிய வச்சிட்டுப் போ.’

‘நான் அரசியல் பேசல, சும்மா சொல்றேன். இவங்கள உள்ள விட்டதே தப்பு.’ இது பெவர்லி.

கடைசியில் மாசூமா எழுதியிருந்தாள்: ‘மன்னிச்சிடுங்க. படத்தை எப்படி எடுக்கிறதுன்னு எனக்குத் தெரியல.’

 கிளெனிஸ் முதலில் அந்தப் பதிவை மறைத்தாள். அடுத்து பெவர்லியை நீக்கினாள். முப்பது பேர் போனால் போகட்டும்.

பிறகுதான் மாசூமாவின் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தாள். இத்தனை நாளும் சண்டையைத்தான் படித்திருந்தாள். அதற்கு மேலே என்ன இருந்தது என்று பார்த்ததே இல்லை.

கால் வீக்கத்துக்கு முதல் பதில்: ‘உன் நாட்டுக்கு நடந்தே கூட்டிட்டுப் போ, வீக்கம் வத்திடும்.’ இரண்டாவது அதைவிட மோசம். மூன்றாவது, அடுத்த நிமிஷமே, மெர்வின். அதற்கப்புறம் மாசூமாவை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாக் கல்லும் அவன் மேல்.

அதற்கு முந்தைய பதிவிலும் அப்படித்தான். அதற்கும் முந்தையதிலும்.

கிளெனிஸ் மெர்வினைக் கூப்பிட்டாள்.

“பாத்துட்டியா?” என்றான் எடுத்த எடுப்பில்.

“ஏன் மெர்வ், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னா நாலு பேரைத் தூக்கியிருப்ப, வேற நாலு பேர் வந்திருப்பானுங்க. அந்தப் பொண்ணு அஞ்சு மணிக்கு எழுதுது. நீ முழிக்கிறது ஆறரைக்கு. அதுவரைக்கும் அவனுங்களுக்குத் திட்ட ஒரு ஆள் வேணும்ல? முப்பது வருஷம் ரோட்டுல வாங்காத திட்டா? எனக்கு உறைக்காது.”

 எதையாவது பேச வேண்டுமே என்று கிளெனிஸ் கேட்டாள்.

“ரெண்டு பக்கத்தையும் அந்தக் கிழி கிழிச்சியே. நிஜமா நீ எந்தக் கட்சி மெர்வ்?”

“கட்சியா? நான் ஓட்டுப் போட்டே பதினெட்டு வருஷமாச்சு. ஒவ்வொரு தேர்தலுக்கும், ஓட்டுப் போடாததுக்கான அபராதத்தைக் கட்டிட்டு மீன் பிடிக்கப் போயிடுவேன்!”