தள்ளியதும் இழுத்த இன்ஜின்

"மாப்பிள்ளை பிளேன் ஓட்டறதை நாங்களும் பாக்கோணுமுங்க" என்றார் கிட்டுசாமி.

மண்ணரையில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் அவருக்கு, பெண் பார்க்க வந்திருக்கும் மிதுன் ஒரு பைலட் என்பதில் தலைகால் புரியவில்லை. உறுதி வார்த்தைக்கு வெற்றிலைத் தட்டுகூடத் தயார்.

மகள் வர்ஷினி தன் அறையிலிருந்த, கம்ப்யூட்டரில் நிஜம்போல விமானம் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டரைப் போட்டாள்.

"எந்த பிளேனுங்க?"

"நான் டெய்லி ஓட்டற பெரிய ஜெட்டே போடுங்க."

திரையில் ஓடுபாதை நெருங்கியது. இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் பிடியை முழுக்கக் குறைத்துவிட்டிருந்தான் மிதுன். விமானம் சட்டென்று தாழ்ந்தது. தரை எகிறி மேலே வந்தது.

"ஐயோ, முட்டப் போகுதுங்க!" கிட்டுசாமி நாற்காலியை இறுக்கிப் பிடித்தார்.

கடைசி நொடியில் மிதுன் த்ராட்டிலைத் தள்ளினான். அந்தக் கணமே இன்ஜின் உறுமியது. விமானம் நிமிர்ந்து, மெத்தென்று தரையைத் தொட்டது.

எல்லோரும் கைதட்டினார்கள்.

"எப்படீங்க இருக்குது?" என்றாள் வர்ஷினி.

"அச்சு அசலுங்க! நெசத்துலயும் தள்ளுனா இப்படித்தான் ஒடனே இழுக்கும்" என்றான் மிதுன்.

வர்ஷினி அப்பாவிடம் திரும்பினாள்.

"இழுக்காதுங்கப்பா. அடங்கிக் கெடக்கற ஜெட் இன்ஜின் சுத்தி வேகமெடுக்க நேரமாகும். அதுக்குள்ள பிளேன் கீழ உழுந்துரும். என்ற ஆபீஸ்ல, சிமுலேட்டருக்குள்ள இன்ஜின் எப்படி ஓடோணும்னு புரோகிராம் எழுதறதே நான்தானுங்க. அந்தத் தாமதத்தை வேணும்னே எடுத்துட்டுத்தான் இவருகிட்டக் குடுத்தேன். டெய்லி ஓட்டறவருக்கு அது தெரியாமப் போகுமாங்க?"

மிதுன் த்ராட்டிலிலிருந்து மெல்லக் கையை எடுத்தான்.

கிட்டுசாமி வெற்றிலைத் தட்டை எடுத்து மனைவியிடம் நீட்டினார்.

"இதை உள்ள வெச்சுட்டு, தம்பிக்குக் காபி குடுத்து அனுப்பு."